ஒன்பதாவது குறை

நாவுல
2025 ஜூலை 8, செவ்வாய் இரவு

நிரோஜா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அப்பாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். அம்மாவுக்கும் வேண்டாம். வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தபோது நல்லவர் என்று தோன்றியது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நான் ஜெஸ்லா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அப்பாவோடு மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்குப் படகு பார்க்க வந்தபோது கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்தப் பிள்ளை. படகை விற்கும் ஹுசைனின் மகள். தரம் பத்தில் படிக்கிறேன். உங்கள் அப்பா முகவரி எழுதிக் கொடுத்த துண்டு வாப்பாவின் மேசையில் இருந்தது, அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன். போனில் பேச வழியில்லை. வாப்பாவின் போன் வாப்பாவின் சட்டைப் பையில், உம்மாவின் போன் உம்மாவின் தலையணைக்குக் கீழே. போர்வைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

எஞ்சின் ஓடும்போது அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். உள்ளே சூடேறாமல் சுற்றி வருகிற தண்ணீர் அது. அதைக் காட்டி நீங்கள், “தங்கச்சி, இது எப்பவும் இப்படி மெலிசாத்தான் வருமா?” என்று கேட்டீர்கள். “ஓம் அக்கா, எப்பவும் இப்படித்தான்” என்றேன்.

அது பொய். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் அது என் பெருவிரல் தடிப்பில் வந்தது.

பெருநாளுக்கு அக்குறணையிலிருந்து உம்மாவின் தங்கை, என் சாச்சியின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். படகு கழுவுவதற்காக வீட்டு முற்றத்தில் வண்டி மேல் நின்றது. நான் பெருமை பேசினேன். “எனக்கு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியும்” என்றேன். செய்து காட்டச் சொன்னார்கள். தரையில் ஓட்டுவதானால் குழாய்த் தண்ணீரைப் பொருத்தித்தான் ஓட்ட வேண்டும், காய்ந்து ஓடினால் உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் விசிறி கருகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டினேன். ஒரு போட்டோ எடுக்கும் நேரம்தானே என்று நினைத்தேன். முதல் போட்டோவில் சாச்சியின் மகள் றிஸ்மியா கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவது எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ரப்பர் மணம் வந்துவிட்டது.

என் வாப்பாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருளை விற்பவர் அதன் குறையை வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். மற்றவர்கள் வாயால் சொல்வார்கள், வாப்பா எழுதியே கொடுப்பார். மோட்டார் சைக்கிளை விற்றபோது ஹேண்டிலில் பட்டியல் கட்டித் தொங்கவிட்டார். ஒருமுறை உம்மாவின் கோழியை விற்றபோது, ‘மற்றக் கோழிகளைக் கொத்தும்’ என்று எழுதி அனுப்பினார். மறுநாளே கோழி திரும்பி வந்துவிட்டது.

உங்கள் அப்பாவுக்கு ஏழு குறைகள் எழுதிக் கொடுத்தாரே, அதன் கீழே என்ன எழுதியிருந்தார் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. அல்லாஹ் சாட்சி.’ வாப்பா படகு ஓட்டும்போது முன்னால்தான் பார்ப்பார். தண்ணீர் மெலிந்ததை அவர் கவனிக்கவில்லை.

படகு விற்கும் காசில்தான் வாப்பாவும் உம்மாவும் அடுத்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகப் போகிறார்கள். அந்தக் காசில் ஏமாற்று கலந்திருந்தால் ஹஜ் கூடுமா, அல்லாஹ் ஏற்பானா? உம்மா ஹஜ்ஜில் உடுத்தும் வெள்ளைத் துணிகூட வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டார். அந்த அலுமாரியைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் மூன்றாம் திகதிதான் லொறி வரும். அதற்குள் நீங்களாகவே கண்டுபிடித்த மாதிரி உங்கள் அப்பாவிடம் சொல்ல முடியுமா? அவர் கேட்டால் வாப்பா ரப்பரை மாற்றிக் கொடுத்துவிடுவார். என் பெயர் வராது.

பதிலை என் சிநேகிதி மபாஸாவின் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜெஸ்லா


லக்கல
2025 ஜூலை 13

ஜெஸ்லாவுக்கு,

அடுப்பில் போடச் சொல்லியிருந்தாய். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. கடிதத்தை அதில் கொளுத்தினால் அம்மா ஊரையே கூட்டிவிடுவார். அதனால் என் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். அதை யாரும் திறப்பதில்லை, நான் உட்பட.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தண்ணீர் மெலிந்து வந்ததை அப்பாவும் கவனித்தார். நான்தான், “அது எப்பவும் அப்படித்தானாம்பா, அந்தப் புள்ள சொல்லிச்சு” என்றேன். “அப்படின்னா சரிதான், அந்தப் புள்ள முகத்துல பொய் தெரியல” என்றார். உன் பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிட்டாய். இப்போது சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உன் திட்டம் நடக்காது. என் அப்பா சுந்தரலிங்கம் ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்துப் பெக்டரியில் இருபத்தெட்டு வருடம் மெஷின் திருத்தும் பிட்டராக இருந்தவர். நானாகக் கண்டுபிடித்தேன் என்றால் பத்துக் கேள்வி கேட்பார், மூன்றாவதிலேயே நான் மாட்டிக்கொள்வேன்.

ஒரு ரப்பர் விசிறிக்காக அப்பா கலங்க மாட்டார். அவர் உங்கள் வாப்பாவின் பட்டியலில் மயங்கிக் கிடக்கிறார். அதை அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறார். “ஏழாவது: வலப்பக்கப் பெஞ்சின் கீழே குளவி கூடு கட்டும்; இருமுறை கலைத்தும் திரும்ப வந்தது. பார்த்தீங்களா? குளவியக்கூட மறைக்காத மனுசன்!” என்பார். தபால்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அப்பா வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் இருப்பதையெல்லாம் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறார். சுவர்க் கடிகாரம், அம்மாவின் தையல் மெஷின், ரைஸ் குக்கர். இப்போது ஃபேனைப் போட்டால் காலிங் பெல் அடிக்கிறது. இங்கே களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றிக் காட்டலாம் என்ற யோசனை வந்த பிறகுதான் மனிதர் காலையில் விசிலடிக்கிறார். இந்தப் படகு வந்தே ஆக வேண்டும் ஜெஸ்லா. வராவிட்டால் அடுத்தது பிரிட்ஜ்தான்.

ஆகவே நீயே உன் வாப்பாவிடம் சொல்லிவிடு. ஆனால் ஒரு விஷயம் கவனம். என் அம்மா நல்லம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்காது, படகு பிடிக்காது. பட்டியலை விரல் விட்டு எண்ணி, ஏழு என்று பார்த்த பிறகுதான் சம்மதித்தார். எட்டு என்றால் சனியின் எண் என்பார். எங்கள் பழைய வேனின் இலக்கத்தைக் கூட்டினால் எட்டு. அது எங்கெங்கே வழியில் நின்றது என்று அம்மா ஊர் ஊராகச் சொல்வார், கேட்டால் இரவு விடிந்துவிடும். ரப்பர் விசிறியை உன் வாப்பா எட்டாவது குறையாக எழுதினால் அம்மா அந்தப் படகை இந்தப் பக்கம் அண்டவிட மாட்டார்.

சொல், ஆனால் எட்டு வேண்டாம். எப்படி என்று என்னைக் கேட்காதே. நீதானே காய்ந்து ஓட்டினாய்.

நிரோஜா


நாவுல
2025 ஜூலை 18, இரவு

நிரோஜா அக்கா,

உங்கள் கோபம் நியாயம். உங்கள் கடிதத்தை மபாஸா கணக்குப் பாடத்தில் மேசைக்குக் கீழாகத் தந்தாள். குளவியைப் படித்தபோது சிரித்துவிட்டேன், டீச்சர் என்னை எழுந்து நிற்க வைத்துவிட்டார்.

மூன்று முறை வாப்பாவிடம் சொல்லப் போனேன்.

முதல் முறை அவர் படகின் கீழே படுத்து மெழுகு பூசிக்கொண்டிருந்தார். உம்மாவின் தம்பி பஸீர் மாமா வந்து பார்த்துவிட்டு, “என்ன மச்சான், பொண்ணுக்கு மேக்கப்பா? மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்களே!” என்றார்.

“பார்த்துட்டுப் போனா குளிக்காம இருக்கலாமா?” என்றார் வாப்பா, படகின் கீழிருந்தபடியே.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்த வாயால் அதைச் சொல்ல வரவில்லை.

இரண்டாம் முறை அவர் தனியாக இருந்தார். கிட்டப் போனேன். “என்ன மகள், காய்ச்சலா?” என்று நெற்றியில் கை வைத்தார். இல்லை என்று ஓடி வந்துவிட்டேன்.

மூன்றாம் முறை சுற்றி வளைத்துக் கேட்டேன். “வாப்பா, ஒரு சாமான்ல குறை ஈக்குது. விக்கிறவருக்கே அது தெரியாது. அப்ப குத்தம் யாருக்கு?”

“தெரியாட்டி அவருக்குக் குத்தமில்ல, மகள்.”

என் நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கிய மாதிரி இருந்தது. ஆனால் வாப்பா அதோடு நிறுத்தவில்லை. “தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்டா, குத்தம் முழுக்க அவருக்குத்தான். ஏன் கேக்குறீங்க?”

“மத்ரஸாவுல ஹோம்வேர்க்.”

இப்போது இரண்டு பொய்.

வீட்டில் எல்லாரும் சந்தோசமாக இருக்கிறார்கள் அக்கா. அதுதான் கஷ்டம். யாராவது சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்தில் சொல்லிவிட்டிருப்பேன். உம்மா ஹஜ்ஜில் ஓதுவதற்கு துஆக்களைச் சின்னக் கொப்பியில் எழுதி, தேங்காய் துருவும்போதும் பாடமாக்குகிறார். யார் யாருக்காக துஆ கேட்பது என்று பக்கத்து வீட்டார் பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உம்மா என்னிடம், “உங்களுக்கு என்ன கேக்கட்டும்?” என்றார். எனக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

ஜெஸ்லா


லக்கல
2025 ஜூலை 22

ஜெஸ்லா,

சின்னக் கடிதம்தான். பஸ் வருவதற்குள் தபாலில் போட வேண்டும்.

நேற்று இங்கே விடுதி நடத்துகிறவர் ஒருவர் வந்தார். தன் விருந்தாளிகளைப் படகுக்கு அனுப்புவாராம். “பழைய படகு, புது எஞ்சின்னு சொல்றீங்க, நம்பலாமா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அலுமாரியைத் திறந்துகூடக் காட்டவில்லை. பட்டியலை மனப்பாடமாகச் சொல்லி, கடைசி வரியையும் சொன்னார். “எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. அந்த மனுசன் கடவுளை சாட்சி வச்சு எழுதியிருக்காரு தம்பி. அதுக்கு மேல எனக்கு வாரண்டி கார்டு வேணாம்.”

நான் தேத்தண்ணீர்த் தட்டை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். தட்டை அங்கேயே வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் என் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, எனக்கும் சோறு இறங்கவில்லை.

நிரோஜா


நாவுல
2025 ஜூலை 27, இரவு

நிரோஜா அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று பின்னேரம் வாப்பா நல்ல தாள் ஒன்றைக் கொண்டு வந்து, லொறியோடு கொடுத்தனுப்பப் பட்டியலை அழகாக எழுதித் தரச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குளவி வரைக்கும் ஒன்றும் இல்லை.

“அடுத்து எழுதுங்க மகள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.”

பேனா நின்றுவிட்டது.

“மை முடிஞ்சா?”

“இல்ல வாப்பா.”

“அப்ப?”

“குறை ஈக்குது வாப்பா.”

பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் சொல்லவில்லை. வாப்பா ஏசவில்லை. “எவ்வளவு நேரம் ஓடிச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“ரெண்டு போட்டோ எடுக்குற நேரம்.”

“ஒரு போட்டோவோட நிப்பாட்டியிருந்தா தப்பியிருக்கும்” என்றார் பக்கத்தில் இருந்த பஸீர் மாமா. வாப்பா திரும்பிப் பார்த்தார். மாமா தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வாப்பா ஒன்று சொன்னார். “நான் அல்லாஹ்வை சாட்சி வச்சு எழுதிக் கொடுத்த நேரம் நீங்க பக்கத்துல நின்டீங்க, மகள்.” அவ்வளவுதான். ஏசியிருக்கலாம் அக்கா. உம்மா வந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்ளும் வரை அழுதேன்.

இன்று காலையிலேயே எஞ்சினைக் கழற்றி, எஞ்சின் திருத்தும் இத்ரூஸ் பாஸிடம் கொண்டுபோனோம். அவர் திறந்து காட்டினார். ரப்பர் விசிறியில் ஆறு இலைகள், இரண்டு முனை கருகி உடைந்திருந்தன. மற்றதெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறதாம். புது விசிறி போட்டு ஓடவிட்டார். தண்ணீர் என் பெருவிரலைவிடத் தடிப்பாகப் பாய்ந்து அவர் உடுத்தியிருந்த சாரத்தை நனைத்துவிட்டது. வாப்பா சிரித்தார். நேற்றுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

“இனி எழுதத் தேவையில்லத்தானே வாப்பா?” என்றேன்.

“மாத்தினதையும் எழுதணும். காய்ஞ்சு ஓடின எஞ்சின் காய்ஞ்சு ஓடினதுதான்.”

“அப்ப ஏழாவது வரியிலயே சேர்த்து எழுதட்டுமா? குளவிக்குப் பக்கத்துல?”

“ஒரு குறை இன்னொரு குறைக்குப் பின்னால ஒளியக் கூடாது, மகள். எட்டுன்டு இலக்கம் போடுங்க. அதுல என்ன?”

அதில் என்ன என்று எனக்குத்தான் தெரியும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். கடிதம் வெளியே வந்துவிடும்.

எட்டு வேண்டாம் என்றால் ஒன்பதாக்க வேண்டும். இன்று பின்னேரம் முழுவதும் படகில் ஒன்பதாவது குறையைத் தேடினேன். பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்தேன். ஆணி ஆணியாகத் தட்டிப் பார்த்தேன். கயிறு புதுசு, லைஃப் ஜாக்கட்டில் ஒரு பட்டிகூடக் கிழியவில்லை. வாப்பா ஏன் இப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்று கோபம்கூட வந்தது. கடைசியில் சாவியை எடுத்துச் சின்னதாக ஒரு கீறல் போட்டுவிடலாமா என்று பக்கத்தில் கொண்டுபோனேன். அவர் பூசிய மெழுகில் என் முகம் தெரிந்தது. சாவியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

வாப்பா நாளைக்கு உங்கள் அப்பாவுக்குப் போன் எடுத்து எட்டாவது குறையைச் சொல்லப் போகிறார். அம்மா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். ஆனால் இது உங்கள் கைக்கு வரும்போது போன் வந்து முடிந்திருக்கும்.

ஜெஸ்லா


லக்கல
2025 ஜூலை 30

ஜெஸ்லா,

முதலில், நீ சொன்னது நல்லது. திங்கட்கிழமை மத்தியானம் நான் இரண்டு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தட்டில் மறுபடியும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்து, போன் வந்தபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அப்பா போனைச் சத்தமாக வைத்துப் பேசுகிறவர். உங்கள் வாப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார், மகள் செய்தது என்றும், புது ரப்பர் போட்டாயிற்று என்றும், படகு வேண்டாம் என்றால் மனவருத்தம் இல்லை என்றும். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஹுசைன் நானா, நான் நீங்க சொன்ன குறையையும் சேர்த்துத்தான் வாங்குறேன்” என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, “எட்டு” என்றார்.

போனை வைத்த பிறகு தொடங்கியது.

“நல்லம்மா, அது குறை இல்ல, ரிப்பேர் பண்ணியாச்சு.”

“அப்ப எதுக்கு எழுதுறாரு?”

“நேர்மைக்கு.”

“அவரு நேர்மையா எட்டுன்னு சொல்றாரு. நானும் நேர்மையா வேணாங்கிறேன்.”

அப்பா லொறிக்காரரை வரச் சொல்லிவிடக் கூடாது என்று அம்மா அவருடைய போனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டார். அப்பா விசிலடிப்பதை நிறுத்திவிட்டார். நேற்று இரவு ரைஸ் குக்கரை மறுபடி கழற்றினார்.

இன்று காலையில் அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டு, “அம்மா, நெசமாவே எட்டுதான் காரணமா?” என்று கேட்டேன். “அவ்வளவு பெரிய தண்ணிக்கு நடுவுல அந்த மனுசன் ஒத்தையில...” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தி, “வெங்காயம் கண்ணைக் கரிக்குது, போ” என்றார். உனக்கு எப்படிச் சொல்வது, என் அம்மா அப்பாவிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எண்களில்தான் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை லொறி வராவிட்டால் உங்கள் வாப்பா வேறு ஆளைத் தேட வேண்டும். ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுக்கும் நாள் போய்விடாதா? தேடு ஜெஸ்லா. உண்மையான ஒன்பதாவது குறையாக இருக்க வேண்டும். கீறல் போடாமல் இருந்தாயே, அதற்காகவே கிடைக்கும்.

நிரோஜா


நாவுல
2025 ஆகஸ்ட் 2, சனி இரவு

நிரோஜா அக்கா,

இது தபாலில் வராது. நாளைக்கு லொறியில் படகோடு வரும். நீல லைஃப் ஜாக்கட்டின் உள் பையில் வைத்துத் தைத்துவிடுவேன். அது உங்கள் அளவு. அப்பாவோ அம்மாவோ போடுவதற்கு முன் நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதும் சொல்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். கடிதம் எழுதியது வாப்பாவுக்குத் தெரிந்தால் இனிமேல் நான் என்ன சொன்னாலும் நம்புவாரா?

கிடைத்துவிட்டது அக்கா!

இன்று காலை புது ரப்பரைத் தண்ணீரில் சோதித்துப் பார்க்கப் படகைக் கடைசித் தடவையாக நீர்த்தேக்கத்தில் இறக்கினோம். வழக்கமாக நானும் ஏறுவேன். இன்று ஏற மனம் வரவில்லை, அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. “நீங்க மட்டும் போங்க வாப்பா, நான் தண்ணி எப்படி வருதுன்டு இங்க நின்டு பார்க்குறேன்” என்றேன். பஸீர் மாமாவும் நானும் கரையில் நின்றோம்.

வாப்பா வேகம் கூட்டியதும் படகின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. வாப்பாவுக்கு முன்னால் ஒன்றும் தெரியாமல், இருக்கையிலிருந்து எழும்பிக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் போட்ட இந்த எஞ்சின் பழையதைவிட நல்ல பாரம். பின்பக்கம் பாரம் கூடியதால் ஆள் தனியாகப் போனால் முன்பக்கம் தூக்கும். ஆனால் இந்த எஞ்சின் வந்த பிறகு வாப்பா தனியாகப் போனதே இல்லை. ஆட்கள் வந்தால் ஆட்கள் இருப்பார்கள். இல்லாவிட்டால் நான் இருப்பேன்.

“குறை! குறை! மாமா, குறை!” என்று கத்தினேன். அங்கே மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“குறை கிடைச்சதுக்கு இப்படித் துள்ளுற புள்ளைய இப்பதான் பார்க்குறேன்” என்றார் மாமா. “வாப்பாக்கு ஏத்த மகள்தான்.”

கரைக்கு வந்த வாப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. மாமாவை முன்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று, இறக்கிவிட்டு ஒரு சுற்று போய்ப் பார்த்தார். வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, “மகள், தாளைக் கொண்டு வாங்க” என்றார். இந்தத் தடவை என்னை எழுதச் சொல்லவில்லை, தானே எழுதினார். அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

‘9. தனியாக ஓட்டினால் முன்பக்கம் தூக்கும். முன் பெஞ்சில் ஒருவர் உட்கார வேண்டும். இவ்வளவு நாளும் என் மகள் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியாமல் போயிற்று.’

அங்கேயே நின்று உங்கள் அப்பாவுக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே இருந்து அடிக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் உங்கள் அம்மாதான் எடுத்தார். வாப்பா மிகவும் தயங்கி, “தங்கச்சி, மன்னிக்கணும், இன்னொரு குறையும் ஈக்குது” என்று தொடங்கி, ஒன்பதாவதை வாசித்தார்.

“அப்படின்னா அவரு ஒத்தையில போக முடியாதா?” என்று உங்கள் அம்மா கேட்டது எனக்கே கேட்டது.

“போகலாம் தங்கச்சி, ஆனா நல்லமில்ல. முன்னால ஓர் ஆள் இருந்தாத்தான்...”

“நல்ல படகுங்க அண்ணன்” என்றார் அம்மா. “நாளைக்கே அனுப்புங்க.”

வாப்பா போனை வைத்துவிட்டு என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “குறை கூடக் கூட வாங்குற ஆக்களை நான் கண்டதில்ல” என்றார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னபோது உம்மா தேங்காய்த் துருவலை வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். இரவு சாப்பாட்டுக்குக் கோழி. கொத்துகிற கோழி இல்லை, அது இன்னும் முற்றத்தில் ராஜா மாதிரி நடக்கிறது.

எனக்கு என்ன துஆ கேட்பது என்று உம்மாவுக்கு இன்று சொல்லிவிட்டேன். அது என்ன என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

இனி முக்கியமான விஷயம். அம்மா உட்காருவாரோ நீங்கள் உட்காருவீர்களோ தெரியாது. யார் உட்கார்ந்தாலும் முன் பெஞ்சில் சரியாக நடுவில் உட்கார வேண்டும். ஓரமாகச் சரிந்தால் பின்னாலிருந்து ‘நடுவுல, நடுவுல’ என்று சத்தம் வரும். இதுவரை அது வாப்பாவின் சத்தம், இனி உங்கள் அப்பாவின் சத்தம். செருப்பைக் கழற்றிவிடுங்கள். படகு திரும்பும்போது கயிற்றைப் பிடிக்காதீர்கள், பெஞ்சின் விளிம்பைப் பிடியுங்கள். இடது பக்க விளிம்பில் வழவழப்பாக ஓர் இடம் இருக்கும், கை தானாகவே அங்கே போகும். அது என் கை தேய்ந்த இடம். அது குறையா என்று வாப்பாவிடம் கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார். வேகம் எடுக்கும்போது முகத்தில் தண்ணீர் அடிக்கும். எல்லாரும் அந்த நேரம் கண்ணை மூடுவார்கள். நீங்கள் மூடாதீர்கள் அக்கா, ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில்தான் மலைப் பக்கம்...

கதவு தட்டுகிறார்கள். வாப்பாவின் குரல். இப்படியே மடித்துத் தைத்துவிடுகிறேன், மிச்சத்தை நீங்களே கண்ணைத் திறந்து பாருங்கள்.